இன்றைக்கு வானம் சரியில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன பழைய காலத்துப் பழக்கம் என்று அத்தான் கேலி செய்வார். செய்யட்டும். போன் இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கையைவிட்டு இறங்குவதில்லை. வானிலை பார்க்கிறார். நீ கூப்பிடும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் ‘நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்’ என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லி வைக்கிறேன். போன தடவை, ‘ஏண்டி உன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?’ என்று கேட்டாய். ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் எல்லாம் ஒன்றும் இல்லை.

இந்த ஊர் வானத்தை நீ பார்த்ததில்லை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். துணியைக் காயப் போட்டுவிட்டுத் திரும்பினால் இருட்டிக்கொண்டு வரும். நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி, ‘இந்த ஊர்ல குடை விக்கிறவனும் ஐஸ் விக்கிறவனும் ஒரே ஆளுதாம்மா, காலையில ஒரு கடை, சாயங்காலம் ஒரு கடை’ என்பார். வேலை பார்த்த கடை என்று எழுதிவிட்டேன், கவனித்தாயா? ஆமாம், நின்றுவிட்டேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

இவருக்கு நடந்ததும் உனக்குப் பாதிதான் தெரியும். கிரேனில் மேலே இருந்தபோது காற்று அடித்தது, பத்திரமாக இறங்கிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குக் காலையில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்குள் காற்று திரும்பிவிட்டது. அவ்வளவு காற்றில் ஏணியில் இறங்கக்கூடாதாம். கிரேனின் கையை அதன் போக்கில் சுற்ற விட்டுவிட்டு, அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார். கீழே நின்று இவருக்குக் கொடி காட்டுகிறவர் உண்டே, எங்கள் கல்யாண நாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்து அதைப் படியிலேயே தவறவிட்டாரே, அந்தக் கொடிக்காரர். மற்றவர்களை ஓரமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாராம். கூரைத் தகரம் ஒன்று பறந்து வந்து அவர் மேல் விழுந்தது. இவர் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். காற்று நிற்கிற வரைக்கும் இறங்க முடியவில்லை.

அன்றிலிருந்து மேலே ஏறவில்லை. கம்பெனி அரைச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, டாக்டரையும் பார்க்கச் சொன்னது. ஒரு நாள் கிளம்பினோம். பாதி வழியில் தூறல் போட்டது, திரும்பிவிட்டோம்.

முதலில் என்னைக் கடை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கூட வேலை செய்கிற பெண்கள் ‘கொடுத்து வச்சவ’ என்று கிண்டல் செய்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு கடை வாசலிலேயே உட்கார ஆரம்பித்தார். மேகம் கூடினால் உள்ளே வந்து ‘போலாம்’ என்பார். கண் சோதிக்க வந்து உட்கார்ந்திருப்பவரைப் பாதியில் விட்டுவிட்டு எத்தனை நாள் போக முடியும்? முதலாளியும் பொறுத்துப் பார்த்தார்.

வெயில் காலம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இப்போது வெயில் சுட்டெரிக்கிறது. அனல் காற்று என்கிறார். பட்டாணி, ‘அப்பா, எந்தக் காலம்தான்ப்பா நல்ல காலம்?’ என்று கேட்டாள். இவர் அவள் தலையைத் தடவினார்.

கவலைப்படாதே. கோபப்படுகிறவர் இல்லை, கை ஓங்குகிறவர் இல்லை. இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவர் முகவரிக்கே போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். ‘ஏன் பூட்டிக் கொண்டு கிடக்கிறாய்’ என்று எழுதியிருந்தாய். நான் பூட்டைப் பற்றி உனக்கு எழுதவே இல்லையே என்று திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் நீ பேச்சுக்குச் சொல்லியிருக்கிறாய் என்று புரிந்தது.

பூட்டு உண்மைதான். மழை தொடங்கியதிலிருந்து கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று, சாமான் வாங்கப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். ஆறாவது மாடி என்பதால் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டியிருக்கிறார். பட்டாணி வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. டீச்சர் கூப்பிட்டுக் கேட்டால், ‘இன்னைக்கு வானம் சரியில்லைங்க’ என்று இவரே போனில் சொல்கிறார். அவள் பொம்மைக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அடிக்கடி லீவு விடுகிறாள்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நன்றாக வெயில் அடித்தது. மெழுகுவர்த்தியும் மருந்தும் வாங்கி வருகிறேன் என்று பூட்டிவிட்டுப் போனார். போன சற்று நேரத்தில் பிடித்துக்கொண்டது மழை. அக்கா, அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. எதிர்க் கட்டடமே மறைந்துபோயிற்று. கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் அந்த அடைத்த அறையில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. பட்டாணிக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததே, நினைவிருக்கிறதா? அது திரும்பி வந்தது. நெஞ்சில் விசில் அடிக்கிற மாதிரி சத்தம்.

கதவைத் தட்டினேன். தையல்காரம்மா கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாராம். பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, ‘ஏம்மா, சுத்தியல் இருக்கு, ஒடச்சிடவா?’ என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘வேணாம்க்கா, இப்ப வந்துடுவாரு’ என்றேன். பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பட்டாணி மூச்சு வாங்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, ‘ஏம்மா வேணாம்ங்கிற?’ என்று கேட்டாள்.

எழுந்துபோய் ஜன்னல் டேப்பைப் பிய்த்தேன். நகம் கிழிந்தது. இரண்டு கையாலும் தள்ளித் திறந்தேன். மழை முகத்தில் அறைந்தது. அவளைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துக்கொண்டேன். நனைந்துகொண்டே மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் விசில் குறைந்தது. கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்தாள். நாங்கள் இருவரும் தெப்பமாக நனைந்து சிரித்தோம், அக்கா. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த தையல்காரம்மா, ‘என்னடி உள்ள ஒரே கும்மாளம், என்னை விட்டுட்டு?’ என்று கத்தினார்.

இவர் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். எந்தக் காற்றுக்குப் பயந்தாரோ அதே காற்றில் எங்களுக்காகத்தான் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். போய்ச் சாத்தினார். பட்டாணியை மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அழுகை ஓய்ந்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: ‘நல்லவேளை, பூட்டிட்டுப் போனேன்.’

மேலே எழுத ஓடவில்லை. அத்தானிடம் இதைக் காட்டாதே. காட்டினாலும் பரவாயில்லை.

உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

மழை முடிந்து பனி பிடித்துவிட்டது. காலையில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை, வெள்ளைத் துணியைக் கட்டிவிட்ட மாதிரி. பனி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிவதுகூட இப்போது ஒரே ஒரு ஜன்னல் வழியாகத்தான். மற்றவற்றுக்குப் பலகை அடித்துவிட்டார். ஆணி அடிக்கும்போது, ‘கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்’ என்றார். நானும் பிடித்துக்கொண்டேன். பலகை நேராக இருக்கிறதா என்று வேறு பார்த்துச் சொன்னேன்.

பட்டாணி மாறிவிட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேற்று டீச்சரே வீட்டுக்கு வந்தார். சுற்றுலா அழைத்துப் போகிறார்களாம், இவரைச் சம்மதிக்க வைக்க வந்தார். இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பட்டாணி சொன்னாள்: ‘வேணாம் மிஸ். வெளியில காத்து மாறும்.’ குரல்கூட இவர் குரல் மாதிரி. டீச்சர் என்னைப் பார்த்தார். இவர் அவளைப் பெருமையாகப் பார்த்தார். நான் டீ போடப் போகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

டீச்சர் போன பிறகு இவரிடம் பேசினேன். சண்டை இல்லை. ‘எனக்கு மூச்சு முட்டுதுங்க’ என்றேன். உடனே எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அவருக்கு அதுதான் புரிகிறது, அக்கா. ‘அது இல்லைங்க’ என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் மறுபடியும் மேலேருந்து பார்த்துக்கிட்டு இருக்க முடியாது’ என்றார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, அதற்குள் இருக்கவும் முடியவில்லை.

அவரை விட்டுவிட்டு வந்துவிடு என்று எழுதாதே. எழுதினால் வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ வா. உனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, எல்லாம் தெரியும். எங்கள் கட்டடத்து லிஃப்ட் பாதி நாள் ஓடும். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. இவர் அத்தான் பேச்சைக் கேட்பார். டாக்டரிடம் போவதென்றால் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் போவார் என்று நினைக்கிறேன். நீ பட்டாணியை உன்னோடு கொஞ்ச நாள் வைத்துக்கொள். பரீட்சை, லீவு என்று எதையும் யோசிக்காதே. அவளை ஒரு மழையில் நனைய விடு. காய்ச்சல் வந்தால் வரட்டும். நான் இங்கே இவரோடு இருந்து பார்க்கிறேன். முடிகிற வரைக்கும் பார்க்கிறேன்.

வருகிற நாளை மட்டும் போனில் சொல்லிவிடாதே. சொன்னால் அன்றைக்கு வானத்தைப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்வார், நீயும் இன்னொரு நாள் வரலாம் என்று நினைத்துவிடுவாய். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டு. எந்த நாள், எந்த நேரம் என்றாலும் சரி, நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

உன் வழி பார்த்திருக்கும்
தங்கை