நாணலுக்கு ஒரு நாக்கு

அன்புள்ள குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், இந்தத் தடவை ஒப்புக்குச் சொல்கிற நலம் இல்லை, நிஜமான நலம். நீயும் உள்ளதை உள்ளபடி எழுது. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று இனிமேல் மூச்சு விடாதே. உன் அப்பா மறுபடி வாசிக்கிறார்.

முகவாதத்தில் உதடு கோணி, புல்லாங்குழலில் காற்று நிற்காமல், கச்சேரிக் குழுவில் அவர் இடத்துக்கு வேறு ஆளும் வந்ததும் மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார் என்று போன கடிதத்தில் அழுதேனே. போனில்கூட உன்னைக் 'குவி' என்று குழறிவிட்டு வெட்கப்பட்டு என்னிடம் தந்துவிடுவார். அப்போதுதான் குழுவின் மேளக்காரர் வாய்க்கால் ஓரத்து நாணல் தண்டு ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். உதட்டைக் குவிக்க வேண்டாமாம், தண்டின் முனையில் மெல்லிசாக ஒரு நாக்கு சீவி, அதை வாய்க்குள் விட்டு ஊதினால் நாக்கு துடித்துப் பாடுமாம். இவர் நாக்கே புரளவில்லை, தண்டுக்கு வேறு நாக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே நானும் உதவப்போனேன். காய் நறுக்கிப் பழகின கை சும்மா இருக்குமா, கணுவெல்லாம் அசிங்கமாக இருக்கிறதென்று ஒன்று விடாமல் நறுக்கி எறிந்துவிட்டேன். அந்தக் கணுதான் முனையை அடைக்கிற மூடி என்று எனக்கென்ன தெரியும்? உன் அப்பா ஒரு தண்டை எடுத்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் ஓட்டை. விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "கணுவ வெட்டிட்டா காத்து எங்கடி நிக்கும்?" என்றார். ஓர் எழுத்துக்கூடக் குழறவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு ஆனந்தத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் அவரே வாய்க்காலுக்கு நடந்துபோய் வெட்டிவந்தார். வீடு முழுக்க ஒரே குவாக் குவாக், வாத்து வளர்க்கிறீர்களா என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டுவிட்டார். போன ஞாயிறு கல்யாண மண்டபத்தில் அதே நாணலை உன் அப்பா ஊதினார் பார், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஜனம் எச்சில் கையோடு எழுந்து வந்தது. புதிதாக வந்த ஆள் தன் குழலைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட்டார். இனி குழுவில் குழலும் உண்டு, நாணலும் உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. தீர்க்காயுசாக இரு என் கண்ணே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. அப்பாதான் எடுப்பார், எடுத்ததும் நீ முந்திக்கொண்டு பேசாதே. தனியே உட்கார்ந்து 'ரு' விழாமல் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன்.

இப்படிக்கு,
கணு நறுக்கின உன் அம்மா