'நலம்' என்று ஒட்டிய குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். 'எல்லாரும் சௌக்கியம்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டும். அந்தக் குழாயில் 'நலம்' என்று சீட்டு ஒட்டுவோம். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க என் முறை. வெள்ளை அணுக்களுக்குச் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக ஒளியின் முன் ஓடவிட்டால், ஒவ்வொரு வகையும் திரையில் தனிப் புள்ளிக்கூட்டமாக விழும். என்னுடையதில், மற்ற அணுக்களை ஏவி நோயை விரட்டும் வகை விழ வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"சாயம் ஊத்த மறந்திருப்பே, திரும்ப ஓட்டு," என்றார் எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம். ஓட்டினேன். மறுபடியும் காலி.

"எனக்குத்தான் வீட்டுக்குப் போக லீவு கிடைக்கல, அதுங்களுக்குக் கிடைச்சிடுச்சு போல," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"சில குடும்பத்துல இந்தச் சாயம் ஒட்டவே ஒட்டாது. அது வியாதி இல்ல. வேற சாயம் வியாழக்கிழமை வந்துடும், பாத்துடலாம்." சொல்லிக்கொண்டே 'நலம்' சீட்டை உரித்துவிட்டார்.

பீரோவில் என் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் அனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய சட்டை ஒன்று. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் உள்ளதை விட்டுவிடுங்கள். முதல் வரியில் 'நான் நலம்' என்று நீங்களே சேர்த்து வாசித்துவிடுங்கள் அப்பா. எனக்கு எழுதக் கை வரவில்லை.

உங்கள் மகள்