முடியின் எடைக்கு வெள்ளி

2024 ஜூன் 24, திங்கள்

காலையில் பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் பேபி யூனிட்டில் ஒரு குழந்தைக்கும் காய்ச்சல் இல்லை. தலைமை நர்ஸ் ரம்யலதா சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த மூன்றும் ஒரே நாளில் நடந்து நான் கண்டதில்லை.

சிஸ்டர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் கேட்டிருந்த வகுப்புக்கு அனுமதி வந்துவிட்டது! ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. கண்டியைச் சுற்றியுள்ள பேபி யூனிட் நர்ஸ்மார் எல்லோருக்கும். குழந்தை வைத்தியர் டொக்டர் ஸமீம் தானே வந்து சொல்லிக்கொடுப்பார். அனுமதி மட்டும்தான், பணம் கிடையாது. சிஸ்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "கல்யாணத்துக்கு நாள் வச்சாச்சு, மாப்பிள்ளை சட்டைப்பையில் ஒன்றும் இல்லை."

விஷயம் சின்னது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து, அட்டையில் சில துளி இரத்தம். தைரொயிட் குறைந்த பிள்ளை அதில் அகப்பட்டுக்கொள்ளும். உடனே தினம் ஒரு மாத்திரை கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போல வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். மாதக் கணக்கில் பிந்தினால் மூளை வளர்ச்சி குறைந்துவிடும், பிறகு எந்த மாத்திரையும் அதைத் திருப்பித் தராது. இதில் குறைமாதப் பிள்ளைகள் பெரிய கள்ளர்கள். முதல் தடவை எல்லாம் சரி என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அதனால் கொஞ்ச நாள் கழித்து அவர்களுக்கு இரண்டாம் தடவையும் குத்த வேண்டும். பல நர்ஸ்மாருக்கு இதை யாரும் சொல்லவே இல்லை. வகுப்பு அதற்குத்தான்.

ஆகஸ்ட் 3 தவறினால் பெரஹெரா ஊர்வலத் திருவிழா, கண்டிக்குள் பஸ் நுழையாது. பெரஹெரா முடியும்போது டொக்டர் இங்கிலாந்தில் இருப்பார், ஒரு வருடத்துக்கு.

பணம் தேடுகிற வேலை என்னுடையது. நானே கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்?

ஜூன் 28, வெள்ளி

திகன வியாபாரிகள் சங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். தலைவர் முனாப் ஹாஜியார், துணிக்கடைக்காரர், நல்ல காரியம் என்றால் கை நீளும் என்று கேள்வி.

குதிகால் பரிசோதனையை நான் "ஸ்கிரீனிங்" என்று எழுதியதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஸ்ரீதரன் தமிழ் வாத்தியார். "தமிழ் வாத்தியார் வீட்டுல இருந்து போற கடிதத்துல இங்கிலீஷா? குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம், மூன்று பிளேன்டீ. "பிறந்த சிசுக்களுக்கான திரையிடல் குறித்துத் தாதியருக்குக் கல்வி புகட்டும் பெருமுயற்சி." வாசித்தபோது எனக்கே மரியாதை வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

முனாப் ஹாஜியார் போன் எடுத்தார். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

"மிஸ், கெணறு தோண்டக் கேட்டா தருவன். பள்ளிக்கொடத்துக்குக் கூரை கேட்டாலும் தருவன். படம் காட்ட சல்லி தர ஏலா."

"என்ன படம் ஹாஜியார்?"

"நீங்க தானே எழுதி ஈக்கிறீங்க. பொறந்த புள்ளைகளுக்குத் திரையிடல்டு. அதுகள்ட கண்ணே இன்னும் தொறக்கல்ல. அதுக்குள்ள என்னத்தக் காட்டப் போறீங்க? அதுவும் நர்ஸ்மாருக்குப் படிச்சிக் குடுத்துக் காட்டுறதாம்!"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். குதிகால், இரத்தம், மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியைப் புடைத்துக் கல்லை எடுக்கிற மாதிரி, என்றேன்.

"அப்ப புடைக்கிறன்டு எழுதி ஈக்கலாமே மகள்."

ஆனால் காரியம் கெட்டுவிட்டது. கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துவிட்டார்களாம். எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்று முடிவெடுத்து எழுதியும் வைத்துவிட்டார்களாம். அடுத்த கூட்டம் ஆகஸ்ட் கடைசியில். அதற்கு முன் சங்கத்துப் பணத்தை அவராலும் தொட முடியாது. பாவம், அவருக்கே கவலை.

ஜூலை 5, வெள்ளி

ஸ்ரீதரன் அகராதியோடு சமாதானம் பேச வந்தார். அகராதியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

25ஆம் திகதிக்குள் பணம் வரும் என்று காட்டாவிட்டால் வகுப்புக்குக் கேட்டிருந்த மண்டபத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். சிஸ்டர் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னால் எனக்கு இன்னும் பயம்.

வங்கிக்குப் போனேன், மருந்துக் கம்பனிக்குப் போனேன், எல்லோரும் நல்ல நல்ல கதிரையில் உட்கார வைத்து அடுத்த வருசம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருசமாம். அதுக்குள்ள எத்தனை புள்ளைங்க பொறந்து வீட்டுக்குப் போயிருக்கும்? ஒன்னுக்கு, ஒரே ஒன்னுக்கு ரெண்டாவது தடவை குத்தாம விட்டுட்டாங்கன்னா? யாருகிட்ட போயி அடுத்த வருசம்னு சொல்றது?

போதும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஃபாஸிலின் மகள் இன்று வீட்டுக்குப் போனாள். ஃபாஸில் திகனவில் சலூன் வைத்திருப்பவர். மகள் பிறந்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "மிஸ், ஏழாம் நாள் முடி எறக்கோணும், எப்ப ஏலும்?" ஏழாம் நாளில் அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவில் கிடந்தாள். முடியாது என்று நான் விரட்டாத நாளில்லை. அவளுக்கும் இரண்டாம் தடவை குதிகாலில் குத்தினேன். ஏன் என்று அவரும் மனைவி ஸனாவும் கேட்டார்கள், விளக்கமாகச் சொன்னேன். அவளுக்கு எல்லாம் சரி. இனி முடியை எடுங்கள் என்றேன். தொழிலை மகளில் காட்ட மாட்டேன், கை நடுங்கும், மாமனாரைக் கொண்டு எடுப்பேன் என்றார்.

ஜூலை 13, சனி

இன்று முழுக்க வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். வார்டில் சத்தமாகச் சிரித்தால் குழந்தைகள் எழும்பிவிடும்.

ஃபாஸில் தொதல் இனிப்பும் ஒரு கடித உறையும் கொண்டுவந்தார். குழந்தையின் முடியை எடுத்து, அந்த எடைக்கு எவ்வளவு வெள்ளி வருமோ அந்தப் பெறுமதியைத் தர்மம் செய்வது அவர்கள் வழக்கம். முடியை ஒரு கடதாசியில் சுற்றி நகைக்கடைத் தராசுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரர் தராசில் வைத்தால் தராசு அசையவே இல்லையாம். "ஃபேன நிப்பாட்டுங்க!" என்று கத்தியிருக்கிறார். நிறுத்துவதற்குள் பாதி முடி பறந்து, ஒரு மணப்பெண் பார்த்துக்கொண்டிருந்த மாலைத் தட்டில் போய் விழுந்துவிட்டது. கடை முழுக்கக் குனிந்து தேடினார்களாம்.

"இது மகள்ட ஸதகா. ஒங்கட நர்ஸ் வகுப்புக்கு" என்று உறையை நீட்டினார். உள்ளே இருந்ததைக் கொண்டு ஒருவருக்குச் சோறு கூட வாங்க முடியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வகுப்புப் பத்தி ஒங்களுக்கு யார் சொன்னது?"

"திகனையில தெரியாத ஆள் ஈக்கா? ஆஸ்பத்திரிப் படக் கதையச் சொல்லிச் சொல்லி ஹாஜியார் சிரிக்கிறார். என்ட சலூன்ல ஒரு கெழமையா அதே பேச்சு." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "மிஸ், மகள்ட முடி காணாது. ஆனா ஞாயித்துக்கெழமையில நான் கூட்டித் தள்ளுற முடி எவ்வளவு தெரியுமா? அதத் தராசுல நிறுத்தா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஜூலை 16, செவ்வாய்

ஃபாஸில் மௌலவியிடம் கேட்டுவிட்டார். சின்னப் பிள்ளைக்குச் செய்கிற சடங்கின் பெயரைப் போடக்கூடாது, ஸதகா என்று போடுங்கள், யாரும் கொடுக்கலாம் என்றாராம். அவரும் முடி வெட்ட வருகிறாராம்.

சலூன் வாசலில் தொங்கும் அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்: "ஞாயிறு முடி வெட்ட இலவசம். வெட்டிய முடியின் எடைக்கு வெள்ளியின் பெறுமதி, குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் நர்ஸ்மாரின் படிப்புக்கு. படம் காட்டப்படமாட்டாது."

கடைசி வரியை ஸ்ரீதரன் நான்கு தடவை வாசித்தார்.

ஜூலை 21, ஞாயிறு

எங்கிருந்து எழுதத் தொடங்குவது!

நானும் ஸ்ரீதரனும் போய் இறங்கும்போதே சலூன் வாசலில் இருந்து ரோட்டு வரைக்கும் ஆண்கள். நகைக்கடைக்காரர் தராசோடு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் போடத் தடை. எல்லோரும் வியர்வையில் குளித்துக்கொண்டு, அவரவர் முடியை ஷொப்பிங் பையில் வாங்கிக்கொண்டு தராசுக்குப் போனார்கள். ஆண்களுக்கு இவ்வளவு போட்டியா! ஒருவர் தராசைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இன்னம் கொஞ்சம் கட்டையா வெட்டு, முனாஸ் என்னை விடக் கூட" என்கிறார். தண்ணீர் தெளித்து முடியைப் பாரமாக்கிய ஒருவரை நகைக்கடைக்காரர் கையும் களவுமாகப் பிடித்தார். கூடக் கொடுப்பதற்குக் களவு செய்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்து மணிபோல முனாப் ஹாஜியார் வந்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு முடி இல்லை. சலூன் முழுக்க அந்தத் தலையைத்தான் பார்த்தது.

"எனக்கு இல்ல, சரிதான். வீட்டுல ஏழு தல ஈக்குது" என்று திரும்பிக் கைகாட்டினார். மகன்மார், மருமகன்மார், வரிசையாக வேனிலிருந்து இறங்கினார்கள். அதில் ருஷ்தி என்கிறவருக்குத் தோள் வரை முடி. கெஞ்சிப் பார்த்தார். மாமனார் விடவில்லை. "சங்கத்துச் சல்லியத்தான் தொட ஏலா மகள், மருமகன்ட தலையத் தொடலாம்" என்று என்னிடம் சொன்னார். ருஷ்தியின் முடியை நிறுத்தபோது கைதட்டல் ரோட்டு வரை கேட்டிருக்கும்.

பெண்களுக்குப் பின்பக்கம் வீட்டுக்குள், ஸனாவிடம். எல்லோரும் நுனியை வெட்டிக் கொடுத்தார்கள். நான் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, பின்னலைத் தூக்கி, "கழுத்தோட வெட்டிருங்க" என்றேன். ஸனா பயந்து, "மிஸ், வீட்டுல கேட்டீங்களா?" என்றாள். கதிர்காமத்துக்கு நேர்ந்து ஐந்து வருசமாகப் போகாமல் இருக்கிற முடி. முருகன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் பிறகு பேசிக்கொள்கிறேன்.

பின்னலைக் கையில் பாம்பு மாதிரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்ரீதரன் பின்னலையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க, இதுக்கு வெள்ளி நீங்கதான் குடுக்கணும். திரையிட்டது நீங்கதானே."

அவர் பர்ஸை எடுத்தார். தராசு காட்டியதைப் பார்த்து, "இவ்வளவு பாரத்தையா தலையில தூக்கிட்டு திரிஞ்ச?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

போதும் போதும் என்கிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. பஸ், சாப்பாடு, பழகுவதற்கு அட்டை, ஊசி, எல்லாவற்றுக்கும். நான் சந்தோசத்தில் பைத்தியம்.

ஜூலை 22, திங்கள்

சிஸ்டர் பத்து நிமிடம் என்னைப் புது நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 3, சனி

வந்தார்கள்! மாத்தளைப் பக்கத்திலிருந்தும் நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு வந்தவர்கள். மண்டபம் நிறைந்து பின்னால் நின்றார்கள். டொக்டர் ஸமீம் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

பீட்ரூட் சாற்றை வைத்துப் பழகினோம். ஒரு வட்டத்துக்கு ஒரு துளி, நன்றாக ஊறி மறுபக்கம் தெரிய வேண்டும், மேலே மேலே வைக்கக்கூடாது, வெயிலில் காயவைக்கக்கூடாது. முதல் சுற்றில் எல்லோருடைய விரலும் சிவப்பு, பாதி அட்டை குப்பைக்கு. மூன்றாம் சுற்றில் டொக்டருடைய அட்டைதான் மோசம். மண்டபமே சிரித்தது, அவரும்தான்.

கலகெதரப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அபீபா என்கிற இளம் நர்ஸ், "குறைமாதத்துக்கு ரெண்டாந்தரம்" என்று பேனையால் கையில் எழுதிக்கொண்டாள். கழுவினால் போய்விடுமே என்றேன். "போறதுக்குள்ள மனசுல பதிஞ்சிரும் மிஸ்" என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பெரஹெரா கடைசி நாள். இரண்டு மணி நேரம் நடந்து பஸ்ஸைப் பிடித்தேன். கழுத்தில் காற்றுப் படுவது நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

அபீபா போன் எடுத்தாள். அவளுடைய யூனிட்டில் வகுப்புக்கு அடுத்த வாரம் பிறந்த குறைமாதப் பையன். முதல் அட்டை சரி என்று வந்திருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போக அவசரப்பட்டிருக்கிறார். அபீபா விடாமல் பிடித்து, இரண்டாந்தரம் குத்தி அட்டையை அனுப்பியிருக்கிறாள். இன்று முடிவு: சரியில்லை. இன்றே மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

"வகுப்பு இல்லாட்டி நான் ரெண்டாவது அட்டய அனுப்பி ஈக்க மாட்டன் மிஸ்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான். ஸ்ரீதரன் பயந்து ஓடிவந்தார். சொன்னேன். அவரும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 27, வெள்ளி

அந்தப் பையனை இன்று எங்கள் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்துப் பெண், இருபது வயது கூட இருக்காது. என்னைப் பார்த்ததும் முறைப்பாடு.

"மிஸ், இவன் முன்னாடி தங்கமா இருந்தாங்க. அழவே மாட்டான், பால் குடுக்கத் தட்டித் தட்டி எழுப்பணும். எல்லாரும் என்னா நல்ல புள்ளன்னு சொல்லுவாங்க. இந்த மாத்திரை குடுக்கத் தொடங்குனதுல இருந்து லயத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க கூட தூங்குறதில்லீங்க. கத்துறான், உதைக்கிறான், பால் கேட்டு அடம் பிடிக்கிறான். மாத்திரைய நிப்பாட்டிறவா?"

"நிப்பாட்டிறாதீங்கம்மா! ஒரு நாளும் நிப்பாட்டிறாதீங்க" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அழாமல் கிடந்ததுதான் நோய், இப்போது அழுவதுதான் சுகம் என்று சொன்னேன். அவள் நம்பாமல் மகனைப் பார்த்தாள். அவன் முகத்தைச் சிவப்பாக்கி, கையை முறுக்கி, முழு மூச்சையும் இழுத்து ஒரு கத்து கத்தினான். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

உள்ளேயிருந்து ரம்யலதா சிஸ்டர், யாருடைய குழந்தை இது என்று சத்தம் போட்டார்.

எங்களுடையதுதான் சிஸ்டர், என்று நானும் சத்தமாகச் சொன்னேன். அவன் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.