அந்தக் காது மெஷின் விளம்பரம்

என் வாண்டுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். நான் இருக்கிறேன். அப்பா போய் நாலு மாதம் ஆகியும் அவருடைய பட்டறைச் சட்டையைத் துவைக்க மனசு வரவில்லை, கிரீஸ் கறையோடு ஆணியில் தொங்குகிறது. நாலாம் வகுப்போடு நின்றவள், தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுத்து.

அப்பாவின் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீ போடும் படங்களை அதில்தான் பார்க்கிறேன். உன் படம் ஒன்று வருவதற்குள் நாலு விளம்பரம் வந்துவிடும். வீட்டுமனை, முடி எண்ணெய், அப்புறம் நரைத்த தலைக்காரன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு மொச்சை அளவு மெஷினைக் காதில் வைத்துக்கொள்வான். என் காது நன்றாகத்தானே இருக்கிறது, இவன் ஏன் என்னையே சுற்றுகிறான் என்று எரிச்சலாக வரும். விரலால் தள்ளினாலும் மறுபடி வந்து நிற்பான். கீழ் வீட்டு நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தேன். தள்ளிவிட்டா போகமாட்டான் அக்கா, மூலையில இருக்கிற மூணு புள்ளியைத் தொடணும், உங்க மேல என்ன ஆசையோ தினம் வர்றான் என்று சிரித்தாள். தொட்டதும் இது ஏன் உங்களுக்கு வருகிறது என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டுப் படித்துவிட்டு, நீங்க காது மெஷின் தேடினீங்களாக்கா என்று கேட்டாள். எனக்கு எங்கே தேடத் தெரியும். தேடியதெல்லாம் ஓரிடத்தில் வரிசையாகக் கிடக்குமாம், எடுத்து வாசித்தாள். போன வருஷம் ஒன்பது தடவை, எல்லாமே பட்டறைச் சாப்பாட்டு நேரத்தில். காதில் இரைச்சல் எதனால். கேட்காத காது மறுபடி கேட்குமா. காது மெஷின், வெளியே தெரியாதது.

முப்பது வருஷம் லேத் மெஷின் பக்கத்தில் நின்ற மனுஷன். நான் பேசும்போது என் வாயையே பார்ப்பார், என்ன புதுசா பார்க்கிறீங்க என்று கேலி செய்தேன். கூப்பிட்டால் திரும்பாதபோது திமிர் என்றேன். நீ போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, இந்தா அம்மாகிட்ட பேசு என்று என் கையில் திணித்துவிடுவார். அப்பாவுக்கு என்னம்மா கோபம் என்று நீ கேட்டாய். நீ ஊரை விட்டுப் போனது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று நான்தான் சொன்னேன். அப்படி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை கண்ணு. நானாக நினைத்துக்கொண்டு சொன்னது. அதை நம்பித்தானே போன வருஷம் லீவு கிடைத்தும் நீ வராமல் இருந்தாய். உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. நீ பேசியது அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதை இரண்டு தடவை படி. என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிவிடு.

விளம்பரத்தை எல்லாம் நிறுத்திடட்டுமா அக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். மற்றதை நிறுத்து, அந்த நரைத்த தலைக்காரன் வந்துபோகட்டும் என்றேன்.

உன் வேலையிடத்திலும் மெஷின் இரைச்சல் என்றாயே, தள்ளிப்போடாமல் காதைச் சோதித்துக்கொள். என்ன சொன்னார்கள் என்பதை மருமகளிடம் மறைக்காதே. இரண்டு பேரும் நூறு வயசுக்கு ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

உன் அம்மா

மடித்த காகிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். கடைசி நாள் காலையில் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. உங்களோட குடும்பம் நடத்தினதுக்கு இந்தச் சுவரைக் கட்டிக்கிட்டிருக்கலாம் என்று கத்தினேன். திரும்பாமலே எழுந்து போனார். மதியம் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. அந்த வார்த்தை மட்டும் அப்பா காதில் விழுந்திருக்குமாடா?