சூடு ஆறிய கால்கள்

பரணில் கிடந்த உன் பையை இன்று இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் தைலமும் ரப்பரும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. உள்ளே பச்சை ரப்பர் பட்டை, இழுத்தால் இன்னும் நீளுகிறது. நீ போய் இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது, தம்பி.

கால்பந்து கிளப்பில் பிசியோவாகச் சேர்ந்த புதிதில், ஆட்டக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதை எல்லாம் மேற்கு மாம்பலம் வீட்டுக் கூடத்தில்தான் செய்து பார்ப்பாய். முட்டி போட்டு, முதுகு வளையாமல் மெல்ல முன்னால் சாய்வாய். நான் பின்னால் உட்கார்ந்து உன் கணுக்கால்களை அமுக்கிக்கொள்ள வேண்டும். தொடையின் பின்தசை கிழியாமலிருக்க இது என்பாய். குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடங்கக் கூடாது என்பாய். என் வீட்டுக்காரர், உன் மாமா, பேப்பரை இறக்கிவிட்டு, அக்காவும் தம்பியும் யார்கூட மேட்ச் என்று கேட்பார்.

ஆட்டக்காரர்களில் கொட்டிவாக்கத்துத் தேவாதான் உன்னை அதிகம் கிண்டல் செய்வானாம். "இன்னா சார், தெனம் இதே பாட்டா? பந்தக் கண்ல காட்டு சார்." ஒரு நாளும் விடாமல் செய்தவனும் அவன்தான். அந்த சீசனில் யாருக்கும் பெரிய அடி இல்லை. அதற்காக உன்னை யாரும் பாராட்டவும் இல்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அது புரிந்தது. வராத செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு ஆட்டம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், மைதானத்தில் முதல் அடியை அதற்கு முன்பே வைத்துவிட வேண்டும் என்றார் மேனேஜர். முன்னதாகவே எல்லாரையும் இறக்கி, ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் உன் பயிற்சியை முடிக்கச் சொல்லி, உள்ளே ஏசி அறையில் உட்காரவைத்துவிட்டார். உடம்பு ஆறிப்போகும், வராந்தாவிலாவது இன்னொரு முறை செய்யட்டும் என்று நீ கெஞ்சியிருக்கிறாய்.

"நல்ல நேரத்துல முடிச்சாச்சு தம்பி. இப்போ கெளப்பி வுட்டுக் கெடுக்காதே."

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் தேவா பந்துக்குத் தாவித் திரும்பினான். யாரும் அவன்மேல் மோதவில்லை. முட்டி மட்டும் உள்ளே மடங்கியது. தசைநார் அறுந்துவிட்டது, இனி பழையபடி ஆட முடியாது என்றார்கள். உடம்பு ஆறியதுதான் காரணமா என்று அறுதியிட்டுச் சொல்ல டாக்டரால் முடியவில்லை. கிளப் சொல்லிவிட்டது: உன் பயிற்சி பையன்களைக் களைப்பாக்குகிறதாம். உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அன்றிரவு தட்டின் முன் உட்கார்ந்து என்னைக் கேட்டாய். "ராகு காலத்துலதானேக்கா நீ துர்கைக்கு எலுமிச்சை விளக்கு போடுற? அந்த நேரத்துல கை காலை ஆட்டாதேன்னு எந்தச் சாமி சொல்லிச்சு?" உன் சாதத்தில் மோரை ஊற்றினேன்.

அடுத்த மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அடையாற்று ஆஸ்பத்திரிக்குக் கோல் ஊன்றிக்கொண்டு தேவா வந்தான். "நீ இன்னா சார் பண்ணுவ? நான்தான் உள்ள குந்திக்கினு போனை நோண்டிக்கினு இருந்தேன்" என்றான். நீ சிரித்தாய். அவன் போன பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"வாசலை மறிச்சு நின்னிருந்தா செஞ்சிருப்பாங்கக்கா. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"இல்லடா. சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன்பின் நாம் அதைப் பேசவே இல்லை; அந்தக் காய்ச்சலிலேயே நீ போய்விட்டாய்.

நான் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. நீ மறுபடி அப்படிச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன். கோயிலில் கண்ணை மூடினால் உனக்கு மோட்சம் கேட்கக்கூட நாக்கு எழுவதில்லை. நான் சொன்னதை என் தம்பி நம்பினானா என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன்.