கௌரிசங்கருக்கு நான் எடுத்த போன்

மல்கிரேவ்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் அனோஜுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் நலம், லிட்கமில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அப்பாவுக்கு முதுகு நோ கொஞ்சம் குறைவு. டிலக்சி கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டாம் தரமும் கோட்டை விட்டுவிட்டு, பரீட்சை எடுத்தவருக்குத்தான் கண் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ காலையில் அந்தப் புரோட்டீன் மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓடாமல் இரண்டு முட்டையாவது அவித்துச் சாப்பிடு. இதெல்லாம் போனில் சொல்லக்கூடியவை. சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதனால்தான் மூன்று கிழமை பிந்திப் பேனா எடுத்தேன்.

முதல் மட்ச்சில் உன்னை விட்டுவிட்டு ஜோன்சனை இறக்கினார்கள் என்று அழுதாயே, ஒன்பது வருசத்தில் ஆறு கிளப் மாறி வந்த முப்பத்துநாலு வயது ஆள், அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை, நான் காணாது, போதாது போல என்றாயே, அது உன் குறை அல்ல. அதற்கு முதல் கிழமை நான் உன் கோச்சுக்குப் போன் எடுத்தேன். வெள்ளைக்காரராக இருந்திருந்தால் எனக்கு அந்தத் துணிவு வந்திராது. கௌரிசங்கர் தமிழ்ப் பிள்ளை, அக்கா என்று கூப்பிடுகிறவர், நம்பரும் எங்கள் கோயிலுக்கு வரும் யோகா அன்ரியிடம் இருந்தது. எனக்கு அந்த அமெரிக்கன் புட்போல் விளையாட்டில் தெரிந்தது, உன்னைப்போல் பந்து எறிகிற குவாட்டர்பாக் மேலேதான் எல்லோரும் வந்து விழுகிறார்கள் என்பது மட்டும். பதினேழு வயதில் தலையில் அடிபட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று நாலு தரம் என்னைக் கேட்டாயே, அதைச் சொன்னேன். அது உண்மை. பிறகு டொக்டர் சுகம் என்று கடிதம் தந்ததைச் சொல்லவில்லை. இப்பவும் அவனுக்குத் தலையிடி வாறது தம்பி, வெளியில சொல்லமாட்டான் என்றேன். அது பொய். அக்கா, நான் அவன்ரை பேரைத்தான் எழுதி வைச்சிருந்தனான், புதுப்பெடியன் பிழை விடுவான், விட்டாலும் இந்த வருசம் அவன்தான் எண்டு, இனி எப்பிடி இறக்கிறது என்றார். அவனுக்குத் தெரியவேண்டாம் என்று கெஞ்சினேன்.

மட்ச்சை டிலக்சியின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மூன்று பேர் ஜோன்சனுக்கு மேலே விழுந்தார்கள், அவர் எழும்ப நேரமெடுத்தது. நல்ல காலம் என்ரை பிள்ளை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டிலக்சி திரும்பி, அவருக்கும் ஒரு மம் இருப்பா தானே அம்மா என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன கிழமை கௌரிசங்கருக்குத் திரும்ப எடுத்து உண்மையைச் சொன்னேன். அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை, நான் எதை நம்புறது அக்கா, எழுத்தில தாங்கோ, அவனும் டொக்டரிட்டப் புதுசாக் காட்டட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. இந்தக் கடிதம்தான் அந்த எழுத்து. யோகா அன்ரி அறிந்தால் கோயில் முழுக்கச் சொல்லுவா, சொல்லட்டும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், பயத்தைத் தவிர வேறொன்றும் ஒழுங்காகப் பழகவில்லை. உன்னை இறக்கக்கூடாது என்ற ஆசை இன்னும் போகவில்லை மகன். ஆனால் நீ உன்னையே காணாது என்று நினைத்துக்கொண்டிருக்க, இன்றைக்குப் பூசையில் நற்கருணை வாங்க என்னால் எழும்ப முடியவில்லை.

ஆண்டவர் உன் தலையைக் காக்கட்டும், உன் கைக்குப் பலம் தரட்டும். முதலில் டொக்டரிடம் போ, பிறகு இதைக் கௌரிசங்கரிடம் கொடு. கொடுக்க முதல் எனக்குப் போன் எடுக்காதே. உன் குரலைக் கேட்டால், கொடுக்காதே என்று சொல்லிவிடுவேன்.

உன் அம்மா
நிரஞ்சலா