அவன் சிரித்ததற்குக் காரணம்

ராஜபாளையம்,
ஜனவரி 11.

அன்பு மகன் மதுசூதனுக்கு,

சாம்சனின் அம்மா ஹெப்சிபா எழுதுவது. ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். நீங்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்களாச்சே என்று செத்த நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். யார் காத்தாலும் சரி, நீ சுகமாக இருக்க வேண்டும். தொடையில் வைத்த கம்பியை எடுத்துவிட்டார்களா? குச்சி இல்லாமல் நடக்கிறாயா? புனேயில் இப்போது குளிராம், என் மகள் ஷெரின் சொன்னாள். காலை மூடிக்கொண்டு தூங்கு.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. சாம்சன் போய்ப் பதினாறு மாதம் கழித்து இப்போதுதான் உனக்கு எழுதத் தோன்றியிருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தவள் கைகூடக் கழுவாமல் வாசலில் நின்றே வாசித்தேன். மூன்றாம் பக்கம் வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஷெரின் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நீ எழுதியதையே திருப்பி எழுதுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். காலை பத்து மணிக்குக் குண்டு விழ ஆரம்பித்தது. மருந்துப் பை தூக்குகிறவன் சாம்சன். மூன்று பேருக்குக் கட்டுப் போட்டதில் பை காலி. நாலாவது ஆள் நீ. உன் சட்டைப் பையில் இருந்த கட்டு போதவில்லை. ஒவ்வொரு சிப்பாயும் தனக்கென்று ஒரு கட்டு வைத்திருப்பான், அதை அடுத்தவனுக்கு எடுக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அவன் தன்னுடையதை எடுத்து உனக்குப் போட்டான். அதற்கு முன்பே அவன் விலாவில் குண்டுச் சில்லு பாய்ந்திருந்தது. அவன் சொல்லவில்லை, உனக்குத் தெரியவும் இல்லை.

கட்டையும் மீறி ரத்தம் வரவே, இரண்டு கையாலும் உன் தொடையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். நாலு மணி நேரம். நடுவில் அவன் பிடி தளர்ந்தபோது வலி தாங்காமல் நீ ஏசினாய்: “இறுக்கிப் பிடிலே, தூங்குதியா?” அவன் சிரித்தான். அதற்குப் பிறகு பிடி தளரவே இல்லை. ஆட்கள் வந்து பார்த்தபோது அவன் உயிர் இல்லை. விரலைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சாகப்போகிறவனை ஏசிவிட்டேனே, இந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் எப்படி வந்து நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வராமல் கிடக்கிறாய் என்று இப்போது விளங்குகிறது. உன் அப்பா ஆராவமுதன் ஐயா மாதம் தவறாமல் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருகிறார். முதல் தடவை ஆண்டாள் சூடின மாலையைக் கொண்டுவந்து, சாம்சன் படத்துக்குப் போடக் கையைத் தூக்கிவிட்டார். எங்கள் சபையில் படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் இல்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தூக்கிய கை தூக்கியபடி நின்றார். பெரிய மனிதரை அப்படி நிறுத்தலாமா? நான் வாங்கி, சாம்சனின் தொப்பி வைத்திருக்கும் பெட்டிமேல் வைத்தேன். இப்போது வரும்போதெல்லாம் அவரே பெட்டிமேல் வைத்துவிடுகிறார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொல்லுவார்.

இனி நான் சொல்வதைக் கவனமாக வாசி.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பேண்டேஜ் கம்பெனியில் ரோலிங் மிஷினில் இருக்கிறேன். துணி சுற்றும்போது ஒரு கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுற்றி முடித்த ரோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். அமுங்கினால் லூஸ், பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். சாம்சன் காலேஜ் முடித்துச் சும்மா இருந்த ஆறு மாதம் என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தான். அத்தனை ரோலும் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒரு நாள் முதலாளி முன்னால், அத்தனை பெண்கள் முன்னால் கத்திவிட்டேன்: “இறுக்கிப் பிடிலே, தூங்குதியா?”

அது என் வார்த்தை, மகனே. உங்களுக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் அதைச் சொல்லித்தான் கேலி செய்வான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை அவன் யாரிடமிருந்து பிடித்தான் என்று உனக்குத் தெரியாது. அவனிடமிருந்து நீ கற்றதை அவனிடமே சொன்னாய்.

நான் கத்திய அடுத்த மாதம் அவன் பட்டாளத்துக்குப் போனான். என் வாய்க்குப் பயந்துதான் போனான், நான்தான் பிள்ளையைத் துரத்தினேன் என்று இந்தப் பதினாறு மாதமும் நெஞ்சு வெந்து கிடந்தேன். ஷெரினிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டு அவன் சிரித்தான் என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் தாள் கசங்கிவிட்டது.

மறுநாள் கடிதத்தைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. என்கூட வேலை பார்க்கும் பரிபூரணம்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏட்டி, நாப்பது நிமிசம் உக்கார மாட்டானே. டீக்குப் போறேன், ஒண்ணுக்குப் போறேன்னு ஓடுவானே. அவனா அம்புட்டு நேரம் பிடிச்சான்?”

எனக்கும் அதே மலைப்புத்தான். கோழி அறுத்தால் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்கிற பிள்ளை. தன் ரத்தம் போய்க்கொண்டிருக்க, உன் ரத்தத்தை நாலு மணி நேரம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் பெற்று வளர்த்தவனா இவன்? ஜெபத்தில் அவனுக்காக அழத்தான் இதுவரை தெரியும். இந்த மூன்று நாளாக அழுகை வரவில்லை. அவ்வளவு பெரிய ஆளை என் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருக்கிறேன், தெரியாமல் ஏசியிருக்கிறேன் என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் அவன் பேருக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் திறப்பு. பெரிய ஆட்கள் யாரையாவது கூப்பிடலாம் என்றார்கள். மதுசூதன்தான் திறக்க வேண்டும், அவன் வராவிட்டால் கல் மூடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தெருவில் எல்லாருக்கும் என்மேல் வருத்தம். நான் அசையவில்லை. கம்பெனித் துணியைக் கொண்டுவந்து நானும் பரிபூரணமும் கல்லைச் சுற்றியிருக்கிறோம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கவில்லை. வேறு யாரும் லேசில் அவிழ்த்துவிட முடியாது.

உன் தலைமேல் என் கையை வைத்துக் கேட்கிறேன், வா மகனே. ஐயாவோடு வா, குச்சி ஊன்றியே வா. கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டுக்கு வா. அந்த வார்த்தையை நான் உன்னிடம் சொல்கிறேன். அவன் எப்படிச் சிரித்தான் என்று எனக்குச் சிரித்துக் காட்டு.

நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
ஹெப்சிபா